பந்தயத்தில் தோற்றால் புதிர் தீர்ந்துவிடுமா?

2004 ஜூலை மாதம். அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் ஈர்ப்பியல் ஆய்வாளர்களின் மாநாடு. ஸ்டீபன் ஹாக்கிங் மேடைக்கு வந்து, 1997-இல் கட்டிய ஒரு பந்தயத்தில் தான் தோற்றுவிட்டதாக அறிவித்தார். கருந்துளைக்குள் விழுந்த தகவல் ஒருநாளும் திரும்பாது என்பது ஹாக்கிங், கிப் தார்ன் இருவரின் கட்சி. திரும்பும் என்பது ஜான் பிரெஸ்கிலின் கட்சி. தோற்றதற்கு அடையாளமாக ஹாக்கிங் கொடுத்தது ஒரு தடித்த பேஸ்பால் கலைக்களஞ்சியம். ஹாக்கிங்கே சொல்லிவிட்டார், அப்புறமென்ன? புதிர் தீர்ந்தது என்று ஊரே நம்பிவிட்டது.

இரண்டு சின்ன விஷயங்களைப் பலர் கவனிக்கவில்லை. அதே கட்சியில் இருந்த கிப் தார்ன் அன்றைக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. பரிசு வாங்கிய பிரெஸ்கிலோ, ஹாக்கிங்கின் விளக்கம் தனக்குப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஜெயித்தவருக்கே எப்படி ஜெயித்தோம் என்று புரியாத பந்தயம் அது!

அதன் பிறகு 2014, 2016, 2019 என்று இதே நாடகம் பலமுறை அரங்கேறிவிட்டது. ஒவ்வொரு முறையும் "கருந்துளைப் புதிர் விடுவிக்கப்பட்டது" என்று ஒரு வீடியோவோ ஒரு ஃபார்வர்டோ சுற்றுகிறது. ஒரு கேள்வி உண்மையிலேயே தீர்ந்திருந்தால் அதை நான்கு முறை தீர்க்க வேண்டிய அவசியம் என்ன? ஒரு பெரிய பெயர் தலையாட்டினால் போதும், கணக்கு தேவையில்லை என்ற மனப்பான்மைதான் இங்கே சிக்கல். இந்தத் துறையின் பிறப்பே அந்த மனப்பான்மைக்கு எதிரான சாட்சி என்பதுதான் வேடிக்கை.

பெரியவர்கள் மறுத்ததும், மாணவர் சொன்னதும்

1970-களின் தொடக்கம், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். ஜான் வீலர் தன் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் ஒரு குறும்புக் கேள்வியைப் போட்டார். சூடான டீயையும் ஆறிப்போன டீயையும் கலந்தால் உலகத்தின் எண்ட்ரோபி கூடிவிடுகிறது. அந்தக் கோப்பையை அப்படியே ஒரு கருந்துளைக்குள் வீசிவிட்டால்? எண்ட்ரோபி கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும், குற்றத்துக்குத் தடயமே இருக்காது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அவ்வளவுதானா?

பெக்கன்ஸ்டைன் யோசித்தார். கருந்துளையின் நிகழ்வு எல்லையின் பரப்பளவு எக்காரணத்தாலும் குறையாது என்று 1971-இல் ஹாக்கிங் நிரூபித்திருந்தார். எண்ட்ரோபியும் குறையாது, பரப்பும் குறையாது. அப்படியானால் அந்தப் பரப்புதான் கருந்துளையின் எண்ட்ரோபி என்று 1972-இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 25.

பெரியவர்கள் விடவில்லை. எண்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும். வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு வர வேண்டும். கருந்துளையிலிருந்துதான் எதுவும் வராதே! 1973-இல் பார்டீன், கார்ட்டர், ஹாக்கிங் மூவரும் கருந்துளைகளுக்கான நான்கு விதிகளை எழுதினார்கள். அவை வெப்ப இயக்கவியலின் விதிகளை அச்சு அசலாக ஒத்திருந்தன. ஆனாலும் இது வெறும் ஒப்புமைதான், கருந்துளையின் உண்மையான வெப்பநிலை பூஜ்யமே என்று அடித்துச் சொன்னார்கள்.

அடுத்த வருஷமே, 1974-இல், ஹாக்கிங் குவாண்டம் புலங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். கருந்துளை கதிர்வீசுகிறது என்று விடை வந்தது. பெக்கன்ஸ்டைன் மீதிருந்த எரிச்சலும் இந்த வேலைக்கு ஒரு காரணம் என்று பிற்பாடு ஹாக்கிங்கே எழுதியிருக்கிறார். எண்ட்ரோபி என்பது பிளாங்க் அலகில் பரப்பளவின் நான்கில் ஒரு பங்கு என்பதும் அந்தக் கணக்கிலிருந்துதான் உறுதியானது. மாணவர் சொன்னது சரி. ஹாக்கிங்கின் பெருமையும் இதில்தான் இருக்கிறது. தனக்குப் பிடிக்காத விடை வந்தபோது அவர் விடையை மாற்றவில்லை, கருத்தை மாற்றிக்கொண்டார்.

அந்த ஜோடித் துகள் கதை

இந்தக் கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஒரே கதையைத்தான் ஒப்பிப்பார்கள். வெற்றிடத்தில் துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகத் தோன்றும், எல்லைக்கு அருகே தோன்றினால் ஒன்று உள்ளே விழும், மற்றது தப்பித்து ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உடனே ஒரு கேள்வி கேளுங்கள்: எதிர் ஆற்றல் கொண்ட துகள் மட்டும் எப்போதும் உள்ளே விழுவது ஏன்? நேர் ஆற்றல் கொண்டதும் பாதி நேரம் விழ வேண்டாமா? கதை அங்கேயே தடுமாறும்.

இன்னொரு இடி அலைநீளம். சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். அது வெளிவிடும் கதிர்வீச்சின் அலைநீளமோ பல பத்து கிலோமீட்டர். கருந்துளையை விடப் பெரிய அலை, எல்லையின் விளிம்பில் ஒரு புள்ளியில் பிறந்து ஓடியது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அதிலிருந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் வருவதில்லை. அவற்றை உண்டாக்கும் ஆற்றல் அங்கே கிடையாது. ஃபோட்டான், கிராவிட்டான் போன்ற நிறையற்றவைதான் முக்கியமாக வர முடியும்.

ஹாக்கிங்கின் 1975 கட்டுரையிலேயே இந்தச் சித்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. உண்மையான கணக்கு வேறு. விண்மீன் சரிவதற்கு முன்பு "வெற்றிடம்" என்று எதைச் சொல்கிறோமோ, அது சரிந்த பின் தொலைவில் இருப்பவருக்கு வெற்றிடமாகத் தெரிவதில்லை, இளஞ்சூடான கதிர்வீச்சாகத் தெரிகிறது. இதைச் சொல்லக் கூடுதலாக இரண்டு வாக்கியம் ஆகும். அந்த இரண்டு வாக்கியத்தை மிச்சம் பிடிக்கப்போய் மாணவர்களுக்குத் தவறான படத்தை விற்பது நியாயமா?

உண்மையான புதிர்

டீ ஆறினால் வெப்பநிலை குறையும். கருந்துளை நேர்மாறு. ஆற்றலை இழக்க இழக்கச் சிறுக்கும், சிறுக்கச் சிறுக்கச் சூடேறும், சூடேறச் சூடேற இன்னும் வேகமாக இழக்கும். கடைசியில் ஒரு வெடிப்பு போல முடியும். சரி, முடியட்டும், அதிலென்ன வம்பு?

ஒரு நோட்டுப் புத்தகத்தை எரித்தால் எழுத்து போய்விட்டது என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு சாம்பல் துகளையும், புகையையும், வெளிச்சத்தையும் துல்லியமாக அளந்தால் கொள்கையளவில் எழுத்தை மீட்கலாம். குவாண்டம் இயற்பியல் தருகிற உத்தரவாதம் அது. ஹாக்கிங் கணக்கில் வரும் கதிர்வீச்சோ நிறை, சுழற்சி, மின்னூட்டம் என்ற மூன்றை மட்டும்தான் பொறுத்தது. புத்தகம் விழுந்தாலும் பூசணிக்காய் விழுந்தாலும் ஒரே கதிர்வீச்சு. கருந்துளை முழுக்க ஆவியான பின் எழுத்து எங்கே? அழிந்தேவிட்டது என்றார் ஹாக்கிங், 1976-இல்.

பின்னால் வரும் நுண்ணிய திருத்தங்கள் இதைச் சரிசெய்துவிடும் என்று பலர் சமாதானம் சொன்னார்கள். ஹாக்கிங் கதிர்வீச்சில் ஒவ்வொரு துகளும் உள்ளே இருக்கும் ஒரு இணையோடு குவாண்டம் பிணைப்பில் இருக்கிறது. வெளியே துகள் கூடக் கூடப் பிணைப்பும் கூடுகிறது, உள்ளே இடமோ சுருங்குகிறது. தகவல் காப்பாற்றப்பட வேண்டுமானால் ஏறக்குறைய பாதி வழியிலேயே இந்தப் பிணைப்பின் அளவு இறங்கத் தொடங்க வேண்டும் என்று 1993-இல் டான் பேஜ் காட்டினார். அந்த நேரத்தில் கருந்துளை இன்னும் பிரம்மாண்டமாகத்தான் இருக்கும். கடைசி நொடி வெடிப்பின் மீது பழியைப் போட முடியாது. எல்லைக்கு அருகே சின்னச் சின்னத் திருத்தங்கள் எத்தனை செய்தாலும் அந்த இறக்கம் வராது என்று 2009-இல் சமீர் மாத்தூர் கணக்கிட்டுக் காட்டினார். சமாதானம் அதோடு சரி.

மூன்று வழி, மூன்றிலும் முள்

ஒன்று, தகவல் அழிகிறது. இப்படிச் சொன்னால் ஆற்றல் அழியாமை விதியே ஆட்டம் காணும் என்று 1984-இல் பேங்க்ஸ், பெஸ்கின், சஸ்கின்ட் எச்சரித்தார்கள். அப்படி ஆக வேண்டிய கட்டாயமில்லை என்று 1995-இல் அன்ரூவும் வால்டும் பதில் கொடுத்தார்கள். 2017-இலும் அவர்கள் தகவல் இழப்பை ஆதரித்தே எழுதினார்கள். ஹாக்கிங் கட்சி மாறியதால் அந்தக் கட்சி கலைந்துவிடவில்லை.

இரண்டு, கடைசியில் ஒரு மிச்சம் தங்கிவிடுகிறது, தகவல் அதற்குள் இருக்கிறது. எவ்வளவு பெரிய கருந்துளையின் சரித்திரமும் ஒரு தூசியை விடச் சிறிய மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். எல்லையற்ற நிலைகள் கொண்ட அந்தத் துகள் மற்ற இடங்களில் ஏன் தலைகாட்டுவதில்லை?

மூன்று, தகவல் கதிர்வீச்சோடு வெளியே வருகிறது. இன்று பெரும்பாலோர் இந்தப் பக்கம். ஆனால் 2012-இல் அல்மெய்ரி, மரோல்ஃப், போல்சின்ஸ்கி, சல்லி நால்வரும் ஒரு குண்டைப் போட்டார்கள். தகவல் வெளிவர, பின்னால் வரும் துகள் முன்னால் போன கதிர்வீச்சோடு முழுமையாகப் பிணைந்திருக்க வேண்டும். எல்லையைத் தாண்டுபவருக்கு எதுவும் தெரியாமல் இருக்க, அதே துகள் உள்ளே இருக்கும் இணையோடும் முழுமையாகப் பிணைந்திருக்க வேண்டும். குவாண்டம் விதிப்படி ஒரே துகளுக்கு இரண்டு முழுப் பிணைப்பு கிடையாது. ஒன்றை விட்டால் எல்லையில் நெருப்புச் சுவர்! ஐன்ஸ்டைன் கொள்கைப்படி அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது.

2014-இல் ஹாக்கிங் இதற்குப் பதிலாக ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். எதுவுமே என்றென்றைக்கும் தப்ப முடியாத எல்லை என்று ஒன்று கிடையாது, அந்தப் பொருளில் கருந்துளை இல்லை என்றார். பொருள் உதிர்ந்துபோய் "கருந்துளையே இல்லை என்கிறார் ஹாக்கிங்" என்ற அளவில்தான் அது ஊர் சுற்றியது.

2019-இல் நடந்ததும் நடக்காததும்

2019-இல் உண்மையிலேயே பெரிய காரியம் நடந்தது. அதை மறுப்பது அநியாயம். அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜெஃப் பெனிங்டன் ஒரு பக்கமும், அல்மெய்ரி, எங்கல்ஹார்ட், மரோல்ஃப், மேக்ஸ்ஃபீல்ட் இன்னொரு பக்கமும், பேஜ் சொன்ன அந்த ஏற்றமும் இறக்கமும் ஈர்ப்புக் கணக்கிலிருந்தே வருவதைக் காட்டினார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கருந்துளைக்குள் இருக்கும் ஒரு பகுதியை, ஒரு "தீவை", வெளியே இருக்கும் கதிர்வீச்சின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் கணக்கு சொல்வது எண்ட்ரோபியை மட்டும்தான். பேங்க் பேலன்ஸ் சரியாக இருக்கிறது, பாஸ்புக்கில் பதிவு எதுவும் இல்லை என்பது போன்ற நிலை. எந்தத் தகவல் எந்தத் துகளில் ஏறி எப்படி எல்லையைத் தாண்டியது என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. அந்தக் கணக்குகளில் பல, இரண்டு பரிமாண விளையாட்டு மாதிரிகளிலோ, ஈர்ப்பே இல்லாத ஒரு தொட்டிக்குள் கதிர்வீச்சை வடியவிட்டோ போடப்பட்டவை. அப்படித் தொட்டியை இணைக்கும்போது கிராவிட்டானுக்கு நிறை வந்துவிடுகிறது, நிஜ உலகில் அப்படி இல்லையே என்று 2021-இல் பெங்களூருவின் சுவ்ரத் ராஜு உள்ளிட்டோர் கேட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் ராஜுவும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் அலோக் லட்டாவும் இன்னும் இருவரும் சேர்ந்து, குவாண்டம் ஈர்ப்பில் தகவல் தொடக்கத்திலிருந்தே வெளியிலும் கிடைக்கிறது என்று வாதிட்டார்கள். அது சரியென்றால் கேள்வியையே வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கும். சிறுசேரியில் இருந்துகொண்டு இந்தச் சண்டையில் இறங்க முடியும்போது, "தீர்ந்துபோன புதிர்" என்று நம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லித் தர வேண்டும்?

"பார்க்கவே முடியாததற்கு ஏன் இத்தனை அலட்டல்?"

எதிர்க்கட்சியின் கேள்வி இது, நியாயமும் இருக்கிறது. சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலை, ஒரு கெல்வினைப் பத்துக் கோடியாகப் பங்கிட்டால் அதில் சுமார் 6 பங்கு. சுற்றியுள்ள விண்வெளியோ 2.7 கெல்வின். எனவே அது இப்போதைக்கு ஆவியாகாது, இன்னும் வாங்கிக் கொழுக்கும். நிலவை விடக் குறைந்த நிறை இருந்தால்தான் இன்று நிகர இழப்பே தொடங்கும். முழுக்க ஆவியாகும் காலம் 1-க்குப் பின்னால் 67 பூஜ்யங்கள் போட்டு வரும் ஆண்டுகளையும் தாண்டும். பிரபஞ்சத்தின் வயது வெறும் 1380 கோடி ஆண்டுதான்.

அதனால் எதுவுமே சோதிக்க முடியாதா? 1971-இன் பரப்பளவு விதியை லைகோவின் ஈர்ப்பலைகளை வைத்து 2021-இல் சோதித்தார்கள். 2025 ஜனவரி 14 அன்று பதிவான மோதலில் இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். இரண்டு கருந்துளைகளும் சேர்ந்து சுமார் 2.4 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, ஒன்றான பின் சுமார் 4 லட்சம். டீக்கோப்பையில் தொடங்கிய யோசனையின் ஒரு தூண் அளந்து பார்க்கப்பட்டுவிட்டது. இஸ்ரேலில் ஜெஃப் ஸ்டைன்ஹவர் குளிரூட்டப்பட்ட அணுக்களில் ஒலி தப்ப முடியாத "கருந்துளை" செய்து, 2019-இல் அதன் கதிர்வீச்சின் வெப்பநிலையை அளந்தார். அந்தச் சோதனைகள் தகவல் புதிருக்கு விடை தராது. ஆனால் வெறும் கற்பனை என்று ஒதுக்குவதற்கும் இனி வழியில்லை.

அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. குவாண்டம் விதி, ஈர்ப்பு விதி, வெப்ப விதி மூன்றும் ஒரே இடத்தில் மோதி, மூன்றில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று காகிதத்திலேயே காட்டிவிடுகிற கணக்கு இது. அப்படிப்பட்ட இடத்தை "முடிந்தது" என்று மூடி வைப்பது, கதவின் மேல் காலண்டரை மாட்டிச் சுவர் என்று சொல்வது போலத்தான்.

அடுத்த முறை "புதிர் தீர்ந்தது" என்று ஒரு செய்தி வந்தால் ஃபார்வர்ட் பண்ணும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாதிரிப் பிரபஞ்சத்தில் தீர்த்தார்கள்? எண்ட்ரோபி மட்டும் கிடைத்ததா, தகவல் வரும் வழியும் கிடைத்ததா? உள்ளே விழுபவருக்கு எல்லையில் என்ன நடக்கிறது? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கொண்டாடுங்கள். இல்லையென்றால், எம்.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் உட்கார்ந்து "இதில் எல்லாமே முடிந்துவிட்டதாமே" என்று வேறு பாடம் தேடிக்கொண்டிருக்கும் நண்பரிடம் அந்தப் பதிலில்லாத கேள்வியைக் கொடுங்கள். அவருக்கும் பெக்கன்ஸ்டைனின் அன்றைய வயதுதான் இருக்கும்.