வாயடைக்கப்பட்ட எச்சரிக்கைக் கருவி

அலாஸ்காவின் பனிவெளிமீது சிறுவிமானம் ஓட்டுபவரை அஞ்சாநெஞ்சராகவே வாசித்துப் பழகிவிட்டோம். அந்தச் சாகசச் சித்திரம் யாருக்கு உதவுகிறது என்று நாம் கேட்டதில்லை.

அங்கே பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. மளிகை, தபால், நோயாளி எல்லாம் வான்வழியே. பயணிகளில் குறிப்பிட்ட பங்கை ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்கே அஞ்சல் சரக்கிலும் பங்கு என்று 2002இல் சட்டம் வந்தது. மூடுபனியைக் கண்டு ஒருவர் தயங்கினால் பயணி அடுத்த நிறுவனத்தை நாடுவார். தயக்கத்துக்கு விலை உண்டு.

2016 அக்டோபர் 2 அன்று டோகியாக் அருகே ஹேகலாண்ட் நிறுவனத்தின் செஸ்னா கேரவன் மலையில் மோதி மூவர் மாண்டனர். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அதில் இருந்தது. 700 அடிக்குக் கீழே இறங்கினால் ஒலிக்கும். நிறுவனமோ 500 அடியில் பறக்க அனுமதித்தது. ஓயாமல் கூவும் கருவியை அடக்கி வைப்பது அன்றாட வழக்கமாயிற்று. அந்த வழக்கத்தை அனுமதித்ததும் விபத்துக்கு ஒரு காரணம் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். (இதில் சாகசம் எங்கே?)

விதிகளை இறுக்கினால் சிறு நிறுவனங்கள் நொடித்துப்போகும், கிராமங்கள் தவிக்கும் என்பார்கள். வெற்றுப் பேச்சல்ல அது. ஆனால் 1999இல் தொடங்கிய கேப்ஸ்டோன் திட்டத்தில் பெத்தல் வட்டார விமானங்களுக்கு அரசே நவீனக் கருவிகளைப் பொருத்திக் கொடுத்தது. செலவைக் காட்டிப் போட்டியாளரை முந்த எவருக்கும் வழியில்லை. விபத்துகள் கணிசமாகக் குறைந்தன.