அரங்கு முந்திக்கொண்டது

பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்து விளையாட்டரங்கின் அடியிலேயே ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. அந்த அரங்கை 32 கோடி டாலருக்கு மேல் கொட்டிப் பலப்படுத்தி 2012-இல் திறந்துவிட்டார்கள். இருக்கை உரிமையை விற்று, அதற்கு வாங்கிய கடனை அடைக்கலாம் என்பது கணக்கு (அது பொய்த்தது வேறு கதை). அதே வளாகத்தில், கணிதமும் புள்ளியியலும் வளர்ந்த பத்து மாடி எவன்ஸ் ஹால் நிலநடுக்கத்தைத் தாங்காது என்று பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது. வகுப்பறை பெஞ்சுக்கு யார் சீசன் டிக்கெட் வாங்குவார்கள்? அரசுப் பணம்தான் வழி. 2020 மார்ச்சில் 1,500 கோடி டாலர் கல்விக் கடன்பத்திரத்தைக் கலிபோர்னியா வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். வாக்குச்சீட்டில் அதற்கு 13-ஆம் எண்; 1978-இன் சொத்துவரித் தீர்மானத்துக்கும் அதே எண்தான். குழப்பம் பாதி, வரிப் பயம் பாதி என்பேன். 2024-இல் 1,000 கோடிக்குச் சம்மதித்தார்கள். அதில் பள்ளிகளும் சமுதாயக் கல்லூரிகளும் உண்டு, பல்கலைக்கழகங்களுக்கு ஒரு காசும் இல்லை.