இடித்த வண்டி ஓடிவிட்டதா? தாசில்தாரிடம் போங்கள்!

பவுர்ணமி இரவு. திருவண்ணாமலையில் கிரிவலம். 14 கிலோ மீட்டர் தூரம். காலில் செருப்பு இல்லாமல், லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி வருகிறார்கள். அன்று போலீசார் வண்டிகளை வேறு வழியில் திருப்பி விடுகிறார்கள். நடப்பவருக்குத்தான் சாலை.

மற்ற நாட்களில்? ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் லாரியும் பஸ்சும் பறக்கின்றன. அதன் ஓரமாகத்தான் பக்தரும் நடக்கிறார், பூ விற்கும் அம்மாளும் நடக்கிறார், சாமியாரும் நடக்கிறார்.

விடியற்காலையில் ஒரு வண்டி ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம்பரை யாரும் பார்க்கவில்லை. "யார் மேல் வழக்குப் போடுவது? எல்லாம் தலைவிதி" என்று குடும்பம் அழுதுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடும்.

அங்கேதான் தவறு. பணம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை!

வண்டி யாருடையது என்று தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், படுகாயம் அடைந்தவருக்கு ரூ.50 ஆயிரம் கொடுக்கவேண்டும். 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இதுதான் சட்டம். அதற்கு முன் ரூ.25 ஆயிரமும், ரூ.12,500-ம்தான் கொடுத்தார்கள்.

இதற்குக் கோர்ட்டுக்குப் போகவேண்டாம். விபத்து நடந்த தாலுகாவின் தாசில்தாரிடமோ, கோட்ட அதிகாரியிடமோ மனு கொடுக்கலாம். அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்துக் கலெக்டருக்கு எழுதவேண்டும். கலெக்டர் உத்தரவு போட்டால், பணம் பாங்கிக் கணக்குக்கு வந்துவிடும். போலீசார் பதிவு செய்த முதல் தகவல் அறிக்கை, பிரேத பரிசோதனை அல்லது காயச் சான்று, ஆதார் போன்ற அடையாளச் சான்று, பாங்கிப் புத்தகத்தின் நகல் ஆகியவை வேண்டும்.

எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? 2022-ம் ஆண்டில் இந்தியாவில் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதி ஆண்டில் வந்த மனுக்கள் வெறும் 205! அதிலும் 95 பேருக்குத்தான் பணம் கிடைத்தது. 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கணக்கைப் பார்த்து வருத்தப்பட்டது. ஒரு மாதத்தில் வண்டி அகப்படாவிட்டால், இப்படி ஒரு உதவி உண்டு என்பதைக் குடும்பத்துக்குப் போலீசார் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. உங்களுக்குக் கடிதம் வரவில்லையா? நீங்களே ஸ்டேஷனுக்குப் போய்க் கேளுங்கள்.

இந்த வழக்கைப் போட்டவர் நம் கோவை எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன். 2012-ம் ஆண்டு முதல் நடக்கிறது. நடப்பவருக்கு நல்ல நடைபாதை வேண்டும், அது உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025-ல் இதே வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

நம்பர் தெரிந்தால் வழி வேறு. வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனிதான் நஷ்ட ஈடு தரவேண்டும். நடந்து போனவர் இன்சூரன்ஸ் கட்டியிருக்கத் தேவை இல்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் சொந்தக்காரர் பொறுப்பு. மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுக் கோர்ட்டில் மனு போடவேண்டும். மதுரையில் இருந்து வந்தவர் திருவண்ணாமலையில் அடிபட்டால், மதுரையிலேயே மனு போடலாம். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறவேண்டியது இல்லை. ஆறு மாதத்துக்குள் போடவேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடுவை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தாலும், அதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

"பார்க்காமல் குறுக்கே வந்தார்" என்று எதிர்த் தரப்பு சொல்லும். யார் மீது தப்பு என்று பார்க்காமலே, இறந்தால் ரூ.5 லட்சம், படுகாயத்துக்கு ரூ.2½ லட்சம் கேட்க ஒரு பிரிவு இருக்கிறது. வண்டி மீது தப்பு என்று நிரூபித்தால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும்.

பூ விற்கும் அம்மாளுக்குச் சம்பளச் சீட்டு ஏது? காய்கறி வியாபாரி ஒருவருடைய வழக்கில், சீட்டு இல்லாமலே மாத வருமானம் ரூ.6,500 என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு கணக்குப் போட்டது. வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கும் இப்படி வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-ல் சொன்னது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே "பத்தாயிரம் தருகிறோம், கேஸ் வேண்டாம்" என்று பேச வருவார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். போடாதீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. எந்த ஆஸ்பத்திரியில் அந்த வசதி இருக்கிறது என்று 108 ஆம்புலன்சுக்காரரிடமே கேட்டுக்கொள்ளலாம்.