சிறு மேசைக் கணிப்பொறி வாங்குமுன்

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பெட்டியொன்று இன்று முழு மேசைக் கணிப்பொறியின் வேலையைச் செய்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'மேக் மினி' 16.5 சென்டிமீட்டர் சதுரமும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அன்று அது ஒரு புதுமை. பின்னர் இன்டெல் நிறுவனம் சுமார் 10 சென்டிமீட்டர் சதுரப் பலகையில் அமைத்த 'நக்' வகை பரவலாயிற்று. 2023இல் இன்டெல் அத்தொழிலிலிருந்து விலகி அதனை அசுஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. எனினும் இவ்வகைப் பெட்டிகளைப் பல நிறுவனங்கள் தொடர்ந்து உற்பத்தி செய்து வருகின்றன.

இதனைப் பற்றி இப்போது சிந்திப்பதற்கு ஒரு காரணமுண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் 'விண்டோஸ் 10'க்கான பொது ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி பழைய யந்திரங்கள் பலவற்றிற்கு இல்லை. ஆகவே பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் புதியவை வாங்கும் யோசனை எழுவது இயல்பே. (பழையவை அனைத்தும் குப்பைக்குரியன அல்ல. லினக்ஸ் வழியில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' போன்ற இயக்கத் தொகுப்பைக் கொண்டு அவற்றுட் சிலவற்றை இன்னும் சில ஆண்டுகள் நடத்தலாம். அதைச் சோதித்துப் பார்த்த பின்னரே வாங்கும் பேச்சை எடுப்பது நன்று.)

சிறு கணிப்பொறியின் சிறப்பு அதன் உருவத்தில் இருப்பதாகப் பலர் கருதுகின்றனர். மேசையில் இடம் மிஞ்சுவது நல்லதே. ஆயினும் கிராமப் பள்ளிக்கு அது பெரிய லாபமன்று. உண்மையான லாபம் மின்சாரத்தில் உள்ளது. இப்பெட்டிகளில் பெரும்பாலும் மடிக்கணிப்பொறிக்கென அமைந்த செயலிகளே பொருத்தப்படுகின்றன. குறைந்த மின்சாரத்தில் இயங்கவும் குறைந்த வெப்பத்தை வெளியிடவும் அவை வடிவமைக்கப்பட்டவை.

கணக்கைப் பார்க்கலாம். 'சி.பி.யு.' என்று வழக்கில் அழைக்கப்படும் பழைய பெரிய பெட்டி, திரையுடன் சேர்ந்து சாதாரண வேலையின்போது 100 வாட் எடுப்பதாகவும், சிறு பெட்டி அதே திரையுடன் 35 வாட் எடுப்பதாகவும் கொள்ளலாம். நாளொன்றுக்கு 8 மணி, ஆண்டுக்கு 220 நாள் என 1,760 மணி நேரம் இயங்கினால், பெட்டி ஒன்றுக்கு மிச்சம் சுமார் 114 யூனிட். பத்துப் பெட்டிகள் உள்ள ஆய்வுக்கூடத்தில் 1,140 யூனிட்டுக்கு மேல்.

ஆனால் கட்டணத்தைவிட முக்கியமானது மின்தடை. 600 வி.ஏ. அளவுள்ள யூ.பி.எஸ். பெட்டியில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று இருப்பது வழக்கம். கணக்கின்படி 84 வாட்-மணி. இழப்புகள் போகப் பாதியே பயன்படும் என வைத்துக்கொண்டால், 100 வாட் சுமைக்கு அது 25 நிமிடம் தாங்கும். வேகமாக வடிக்கப்படும் பாட்டரி அதுவரை நிற்பதும் ஐயமே. 35 வாட் சுமைக்கோ ஒரு மணி நேரத்திற்கு மேல். பாட வேளை நடுவே மின்சாரம் நின்றுவிட்டால், பாடம் முடியும் வரை யந்திரம் நிற்குமா நிற்காதா என்பதே ஆசிரியருக்கு வேண்டிய விடை.

இத்தனை நன்மைக்கும் ஒரு விலை உண்டு. பெரிய பெட்டி பழுதானால் அருகிலுள்ள நகரத்து மெக்கானிக் அதைத் திறந்து, மின்வழங்கியை மாற்றி, மாலைக்குள் திருப்பித் தந்துவிடுவார். அதன் உறுப்புகள் பொது அளவினவாதலால் எந்தக் கடையிலும் கிடைக்கும். சிறு பெட்டியின் தாய்ப்பலகை அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம். அது போனால் பெட்டியே போனதாகும். சிலவற்றில் நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. 2024இல் வெளிவந்த மேக் மினியின் நினைவகத்தை வாங்கிய பின் கூட்டவே இயலாது. அழகிய பொருள்தான், ஆனால் பத்து ஆண்டு உழைக்க வேண்டிய அரசுப் பள்ளிக்கு ஏற்றதன்று.

ஆதலின் ஒப்பந்தப் புள்ளியில் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் மட்டும் எழுதிவிட்டு நிற்பது போதாது. சாதாரண வேலையில் எத்தனை வாட், சாதாரணத் திருப்புளியால் திறக்க முடியுமா, நினைவகமும் சேமிப்பகமும் கழற்றி மாட்டத்தக்கனவா, வெளியே தொங்கும் மின்மாற்றிச் செங்கல் தனியே விற்கப்படுகிறதா என்பவற்றையும் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். அந்தச் செங்கல் தொலைந்தால், மாற்று கிடைக்கும் வரை யந்திரம் பீரோவிலேயே கிடக்கும். கைப்பையில் அடங்கும் பொருளாதலால் களவுக்கும் எளிது. பூட்டுக் கம்பி மாட்டும் துளை உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வைக்கும் இடம். திரையின் பின்புறத்தில் திருகிவைக்க 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் இருக்கும். அங்கே பொருத்தினால் பெட்டி தரையின் புழுதிக்குத் தப்பும். எனினும் இதன் விசிறி சிறியது, வேகமாகச் சுழல்வது. சுண்ணக்கட்டித் தூள் அதன் துவாரங்களை விரைவில் அடைத்துவிடும். அடைத்தால் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது யந்திரம் பழையதாகிவிட்டது என்று புகார் எழுதுமுன், மின்சாரத்தைத் துண்டித்து, மெல்லிய தூரிகையால் துவாரங்களைத் துடைத்துப் பார்க்கலாம். கரும்பலகை உள்ள வகுப்பறையானால் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது.