ரென் குருவிகளும் பெயர் மாற்றமும்

தேர்வுக்காக உருப்போட்ட அறிவியற்பெயர் மாறிவிட்டது என்பதைப் போல விலங்கியல் மாணவனை எரிச்சலூட்டும் செய்தி வேறில்லை. "இவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா?" என்று விடுதியில் கேளாதார் இலர். நான் 'இவர்கள்' பக்கம் நின்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலப் புதர்களில் வாழும் ரென் குருவிகளை எடுத்துக்கொள்வோம். (நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் மட்டும் ஒரே ஒரு வகை ரென் உண்டு, நம்மிற் பலர் அதைக் கண்டிருக்க வழியில்லை.) 1816-இல் வியேயோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த 'திரியோதோரஸ்' என்ற பேரினம் நாளடைவில் ஒரு சத்திரம் போலாயிற்று. பழுப்பு முதுகும், கண்ணுக்கு மேலே வெண்கோடும், உரத்த குரலும் இருந்தால் போதும், உள்ளே இடம் கிடைத்தது. இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அங்கே தங்கின.

2006-இல் நைஜல் மானும் அவர்தம் குழுவினரும் இப்பறவைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டனர். வந்த முடிவு வியப்புக்குரியது. வட அமெரிக்கக் கரோலினா ரென்னுக்கு நெருங்கிய உறவு அதன் வெப்பமண்டலத் தோழர்கள் அல்ல; வேறொரு பேரினத்தில் இருந்த பீவிக் ரென்! ஆகவே திரியோதோரஸில் கரோலினா ரென் மட்டும் எஞ்சியது. மற்றவை ஃபியூகோபீடியஸ், திரியோஃபிலஸ் என்ற பழம்பெயர்களின் கீழும், காண்டோர்கிலஸ் என்ற புதுப்பெயரின் கீழும் பிரிந்தன.

குரலைக் கேட்டவர்களுக்கு முன்பே ஐயம் எழுந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வெப்பமண்டல ரென்களுட் பலவற்றில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இசைக்கும்; அறியாதவன் ஒரே பறவை பாடுவதாகவே நினைப்பான். கரோலினா ரென்னிலோ பாட்டு ஆணுக்கே உரியது. பெண் இடையிடையே கரகரக்கும், அவ்வளவே.

பெயர்கள் நிலையாக இருந்தால்தானே பழைய குறிப்புகள் பயன்படும் என்பர். நியாயமான கேள்விதான். ஆனால் உறவைச் சொல்லாத பேரினப் பெயர் வெறும் முகவரிச்சீட்டு. 2012-இல் கொலம்பியாவின் காவ்கா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து அந்தியோக்கியா ரென் என்ற புதுச் சிற்றினம் விவரிக்கப்பட்டது. எவற்றோடு ஒப்பிட்டு அதை வேறென்று நாட்ட வேண்டும் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. 2018-இல் அதே பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை இட்டுவாங்கோ அணையின் நீர் மூடியது. பெயரே இல்லாத குருவிக்காக யார் வழக்காட முடியும்?

நம் துறை நூலகத்துப் பழைய நூல்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஓரத்தில் பென்சிலால் புதுப்பெயரையும் ஆண்டையும் குறித்து வைத்தால் போதும்.