கம்பெனி வைத்ததே வேதமா?

கம்பெனி கொடுத்த எஞ்சினில் கை வைப்பதா என்று பதறும் கனவான்கள் ஒரகடம் சாலையில் பெருகிவிட்டார்கள். சிலிண்டர்களுக்கு முறை வைத்துப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய காருக்குக் கிடைப்பதில்லை. வேறு வண்டியினுடையதைப் பொருத்தினால் இன்டேக் மேனிபோல்டில் இடிக்கிறது. டைமிங் வைக்கத் திருப்ப இடமில்லை. பட்டறைக்காரர் மேனிபோல்டைக் கழற்றி அரத்தால் ராவுகிறார். அது குற்றமாம்!

வெளி விலாவைத்தான் ராவ வேண்டும். காற்றுப் பாதையின் சுவர் ஓட்டையானால் கள்ளக் காற்று புகுந்து கலவை நீர்த்துவிடும். சுழலும் திசையும், வேகத்துக்கேற்பப் பொறி முந்தும் அளவும் அந்த எஞ்சினுக்கு ஒத்துவர வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாமல் ராவுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

சட்டம் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறக் கூடாது என்கிறது. அதில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு எந்த வரி ஒதுக்கியிருக்கிறது, ஐயா?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ பிறந்தது முதல் இந்தப் பிரதேசம் கார்களாகப் பெற்றுத் தள்ளுகிறது, சந்தோஷம். ஆனால் பயிற்சியாளன் என்ற பேரில் போகும் ஐ.டி.ஐ. பையன் ஒரே திருகை முடுக்கி முடுக்கி, தவணை முடிந்ததும் வெளியே வந்து நிற்கிறான். பொறி எப்போது விழ வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது?

ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கற்ற ஜி.டி. நாயுடுவின் பெயரை 2025-இல் கோவை மேம்பாலத்துக்கே வைத்தோம். பட்டறைக்காரருக்கு மேம்பாலம் வேண்டாம். வாரம் ஒரு நாள் ஐ.டி.ஐ.யில் பாடம் சொல்ல அழையுங்கள், சம்பளம் கொடுத்து.