எல்லாம் மனசுதானா?

ஸ்கேன் சென்டரின் காத்திருப்பு நாற்காலிகளிலும் பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களிலும் பல ஆண்டுகளாக ஒரே வாக்கியம் மருந்துச்சீட்டு போல எல்லோருக்கும் எழுதித் தரப்படுகிறது: “எம்.ஆர்.ஐ.ல பயப்பட ஒண்ணுமே இல்ல. எல்லாம் மனசுதான். கண்ண மூடிக்கிட்டுப் படுத்தா பத்தே நிமிஷம்.” கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும் இந்தச் சொற்களுக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. பாதியில் எழுந்து வந்தவர் தைரியம் இல்லாதவர் என்பதே அந்தத் தீர்ப்பு. அதைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறவர் மறுபடி தேதி வாங்கத் தயங்குகிறார். முதுகுத் தண்டிலோ மூளையிலோ என்ன கோளாறு என்று தெரியாமலேயே வாரங்கள் ஓடுகின்றன. ஆகவே இதை நல்லெண்ணப் பேச்சு என்று விட்டுவிட முடியாது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் எந்தத் துண்டும் முழுதாக நிற்காது.

கடைசித் துண்டிலிருந்து தொடங்கலாம். பத்து நிமிடம் என்பது பெரும்பாலான ஸ்கேன்களுக்குப் பொருந்தாது. முதுகெலும்பு ஸ்கேனுக்கே பொதுவாக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் மூளை ஸ்கேன் முக்கால் மணி நேரத்தைக்கூடத் தொடும். உள்ளே கடிகாரம் இல்லை. சொன்ன நேரம் கடந்துவிட்டதாகத் தோன்றியதும் ஏதோ கோளாறு நடந்திருக்கிறது என்றுதான் படுத்திருப்பவர் நினைப்பார். கண்ணை மூடச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படுக்கை நகர்வதற்கு முன்பே மூடி, வெளியே வரும்வரை திறக்காமல் இருந்தால் சிலருக்கு அது உதவும். ஆனால் அடைபட்ட இடங்களைக் கண்டு வரும் இந்த அச்சத்தை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் அதில் இரண்டு இழைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று மூச்சு முட்டிவிடும் என்ற பயம். மற்றது அசைய வழியில்லாமல் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். தோள்கள் இரு பக்கமும் உரசுவதையும், தலை ஸ்கேனில் முகத்தின் மேல் ‘காயில்’ என்ற கூண்டு போன்ற சாதனம் பூட்டப்படுவதையும் கண்ணை மூடினாலும் உடம்பு அறியும்.

“உள்ள ஃபேன் ஓடுது, ரெண்டு பக்கமும் திறந்திருக்கு, மூச்சு முட்ட வழியே இல்ல” என்பது அடுத்த வாதம். காற்று வருவது உண்மைதான். ஆனால் பயந்தவர் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது; நெஞ்சு இறுகுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. காற்று போதவில்லை என்று அவர் சொல்வது தன் உடம்பில் அப்போது நடப்பதைத்தான். அந்த நேரத்தில் காற்றோட்டத்தைப் பற்றிய விளக்கம் எதற்கும் உதவாது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவதற்கு முன்கூட்டியே இரண்டு நிமிடம் பழக்கியிருந்தால் உதவும்.

இனி ‘துணிச்சல் இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பயம்’ என்ற பேச்சு. 2013-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நேரடியான பதில். அச்சத்தின் இருப்பிடமாகக் கருதப்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி இரு பக்கமும் சிதைந்துபோன மூன்று பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பெண்மணி பாம்பைக் கையில் எடுத்தாலும் பயம் அறியாதவர் என்று முந்தைய ஆய்வுகளில் பெயர் பெற்றவர். 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு முறை உள்ளிழுத்ததும் மூவருமே பீதியில் துடித்தார்கள். மூச்சைக் காக்கும் எச்சரிக்கை மணி அஞ்சாநெஞ்சர்களிடமும் இருக்கிறது. அது துணிச்சலின் அனுமதியைக் கேட்டு அடிப்பதில்லை. ஸ்கேன் குழாய்க்குள் அந்த மணி தேவையில்லாமல் அடிக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். அடிப்பதாலேயே ஒருவரைக் கோழை என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு அந்தக் கருவியிடமே இருக்கிறது. காரணம் மனசு மட்டும்தான் என்றால், கருவியை மாற்றினாலும் பயந்து எழுகிறவர்களின் எண்ணிக்கை மாறக் கூடாது. பெர்லினில் உள்ள சாரிட்டே மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 55,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழாயின் நீளமும் சத்தமும் குறைக்கப்பட்ட புதிய கருவியில் இந்த அச்சத்துக்கு ஆளானவர்களின் விகிதம், பழைய கருவிகளில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. ஒரு கதவு வழியாகப் போனவர்களைவிட அடுத்த கதவு வழியாகப் போனவர்களுக்கு மனோதிடம் மூன்று மடங்கு என்று யாரும் வாதிட முடியாது. குழாய் குறுகலாக இருப்பதற்கும் காரணம் காந்தத்தின் தேவை. மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்தில் குளிர்விக்கப்பட்ட கம்பிச் சுருள்கள், சீரான வலுவான காந்தப்புலத்தை உண்டாக்க வேண்டும். துளை அகலமாக ஆக அந்தச் சீர்மையைப் பிடித்து வைப்பது கடினமாகிறது, செலவும் ஏறுகிறது. அதனால் 60 சென்டிமீட்டர் விட்டமே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதிலும் அடிப்பகுதியைப் படுக்கை எடுத்துக்கொண்டால், முகத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். பிறகு 70 சென்டிமீட்டர் கருவிகள் வந்தன. இப்போது, காந்த வலிமையைக் குறைத்துக்கொண்டு, 80 சென்டிமீட்டர் துளையுள்ளவையும் வந்திருக்கின்றன. கருவி செய்கிறவர்கள் தங்கள் பங்கை ஒப்புக்கொண்டு துளையை அகட்டியிருக்கிறார்கள். பயத்தின் பொறுப்பு முழுவதையும் படுத்திருப்பவரின் மனசின் மேல் போடுகிறவர்கள்தான் இன்னும் மாறவில்லை. சத்தத்துக்குக் காரணமும் கருவிதான். வலுவான காந்தப்புலத்துக்குள் கிரேடியன்ட் சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாய்வதால் அவை அதிர்ந்து, 100 டெசிபலையும் தாண்டும் ஓசையை எழுப்புகின்றன. இதற்கெல்லாம் முன்பே மூக்குக்கண்ணாடி, கைபேசி, கைக்கடிகாரம், நகை, தாலியில் கோத்த ஊக்கு என்று பாதுகாப்பு கருதி எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. உடன் வந்தவரும் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார். இத்தனையும் நடந்த பிறகு பயப்பட ஒன்றுமே இல்லை என்பது, நடந்த எதையும் கணக்கில் எடுக்காத பேச்சு. முழங்கால் மூட்டு ஸ்கேனுக்குக் கால் முதலில் போகும்போது, தலை பெரும்பாலும் வெளியே இருப்பதால் அதே ஆளே அமைதியாகப் படுத்திருப்பதை டெக்னீஷியன்கள் அறிவார்கள். அவர் மனசு மாறவில்லை. தலை இருக்கும் இடம் மாறியிருக்கிறது.

மனசுக்குப் பங்கே இல்லை என்றால் கவுன்சலிங் எப்படிப் பலன் தருகிறது என்று கேட்பார்கள். மனசுக்குப் பங்கு உண்டு, அறிவுரைக்குத்தான் இல்லை. மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-இல் தன் நூலில் விவரித்த முறையிலிருந்து இன்றைய சிகிச்சை வரை, பலன் தருவது படிப்படியான பழக்கம். முதலில் அறையைப் பார்ப்பது, பிறகு படுக்கையில் படுப்பது, பாதி உள்ளே போய் வெளியே வருவது, அதன் பிறகு முழுவதும் என்று எச்சரிக்கை மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியவைக்கிறார்கள். ‘பயத்தைப் பற்றிப் பேசினால் பயம் கூடும்’ என்பது இன்னொரு தடை. எதிர்பாராத சத்தமும் சொல்லாத தாமதமும்தான் பயத்தைக் கூட்டுகின்றன. அடுத்தது நாலு நிமிடம், டமடமவென்று சத்தம் வரும் என்று மைக்கில் ஒரு குரல் சொன்னால் குறைகிறது. ‘ஒரு நாளைக்கு இத்தனை பேர், அதற்கெல்லாம் நேரம் ஏது’ என்பார்கள். பாதியில் நின்ற ஸ்கேனும், அசைந்ததால் கலங்கிய படமும், மறுபடி கொடுத்த தேதியும் ஐந்து நிமிடப் பேச்சைவிட அதிக நேரத்தைத் தின்னும். ஊசி போட்டுத் தூங்கவைக்கலாமே என்றால், தேவைப்படுகிறவர்களுக்கு அதுவும் சரியான வழிதான். ஆனால் வெறும் வயிற்றோடு வர வேண்டும், மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் யாராவது கண்காணிக்க வேண்டும், வீட்டுக்கு அழைத்துப் போகத் துணை வேண்டும். பேசுவதைத் தவிர்ப்பதற்கான குறுக்குவழியாக அதைக் கையாளக் கூடாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இந்தப் பயம் உண்டா என்று தேதி கொடுக்கும்போதே கேட்கலாம். அகலத் துளைக் கருவி எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். வெளியே பார்க்க வழிசெய்யும் கண்ணாடியைத் தலைக்காயிலில் பொருத்தலாம். உலோகம் இல்லை என்று சோதித்த பிறகு, உடன் வந்தவரைப் பக்கத்தில் நிற்கவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, டெக்னீஷியனை அழைப்பதற்காகப் படுத்திருப்பவரின் கையில் கொடுக்கும் ரப்பர் பந்தை மதிக்கலாம். அதை அமுக்கியதும் படுக்கை வெளியே வரும் என்று அவருக்கு உறுதி இருந்தால், மாட்டிக்கொண்டோம் என்ற இழை அங்கேயே தளரும். பலர் அதை அமுக்காமலேயே ஸ்கேனை முடிப்பார்கள். அமுக்கும்போது “கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்ற பதில் வந்தால், அவர் பயந்தது சரி என்று நாமே நிரூபித்துவிடுகிறோம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் அந்தப் பந்தை ஒரு முறை அமுக்கச் சொல்லி, படுக்கையை வெளியே இழுத்துக் காட்டுங்கள். ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்ல வேண்டிய தேவை அப்போது வராது.